இரவல் வர்ணத்தில் ஒரு வீடு

சித்திரக் குறிப்பேடு பற்றி நம் வானொலியில் நான் பேசியதை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். பேச்சு நேரத்துக்குள் அடங்காத சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆர்ட் ஜேர்னல் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நாட்குறிப்பு எழுதுகிறோம் அல்லவா? அதையே எழுத்து, படம், ஒட்டிய கடதாசித் துண்டு, வர்ணம் எல்லாம் கலந்து ஒரு பக்கமாகச் செய்வதுதான் அது. நன்றாகப் படம் கீறத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாருக்கும் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இதற்கென்றே கடைகளில் விற்கும் சாமான்களின் விலையைப் பார்த்தால் பலருக்கு ஆசையே விட்டுப்போகும். அந்தச் சாமான்கள் இல்லாமலே, இரவல் வாங்கியும், பழக்கமில்லாத பொருளைப் பழகியும், ஒரு நல்ல பக்கம் செய்யலாம். அப்படிச் செய்த பக்கம் பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் மங்காமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன்.

நான் இருப்பது ஓமானில், பாத்தினாக் கரையிலுள்ள சோஹாரில். துறைமுகமும் அலுமினிய ஆலையும் உள்ள ஊர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு ஓமான். ஆகவே கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உங்களைப் போல இங்கே எங்கள் ஆட்கள் அகதியாக வந்து குடியேறியவர்கள் அல்ல. வேலை விசாவில் இருக்கிறோம். விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். விமானத்தில் விடுகிற கிலோக் கணக்குக்குள் வாழ்க்கை அடங்க வேண்டும் என்பதால், வர்ணப் பெட்டியும் தூரிகைச் செட்டும் வாங்கி அடுக்கிவைக்கிற பழக்கம் இங்கே குறைவு. தேவைப்பட்டால் அயலில் கேட்டு வாங்குவோம். இரவல் என்பது இங்கே வெட்கப்படுகிற விசயம் அல்ல.

இந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்தது ஒரு புத்தகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’. தோம்பு என்றால் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக எழுதிவைத்த காணிப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், என்ன மரம் என்றெல்லாம் அரசாங்கம் எழுதிய கணக்கு. சனாதனன் செய்தது வேறு கணக்கு. இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து அவர்கள் கையாலேயே கீறச் சொன்னார். அவர்கள் கீறியது, அதை ஒழுங்குபடுத்திய கட்டட வரைபடம், அதைக் கேட்டுத் தான் வரைந்த ஓவியம் என்று அடுத்தடுத்து வைத்து, கந்தோர்க் கோப்பு மாதிரியே புத்தகமாக்கினார். அந்தப் படங்களைக் கீறியவர்களுக்கு ஓவியப் பயிற்சி கிடையாது. நேர்கோடு நேராக இல்லை, அறைகள் அளவுக்கு இல்லை. ஆனாலும் கிணறு எங்கே, சாமியறை எங்கே, எந்த மூலையில் எந்த மரம் என்பதில் கை தடுமாறவில்லை.

எங்கள் வீடு மயிலிட்டிப் பக்கம். 1990 ஆனியில் எழும்பிய சனம், அந்தப் பக்கத்துக்குத் திரும்பக் கால் வைக்க எத்தனையோ வருடம் ஆனது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடப்பட்டது. வலிகாமம் வடக்கில் இன்னும் விடப்படாத காணிகளும் உண்டு. எங்கள் காணி கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. அத்திவாரக் கல்லும் இல்லை. ஒரு படமும் கையில் இல்லை, எல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவர் இப்போது அம்மா ஒருவர்தான். அவர் என்னிடம் வந்து நின்ற நாட்களில், சனாதனனின் புத்தகம் காட்டிய வழியில் அந்த வீட்டை ஒரு பக்கத்தில் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தோம். கையில் இருந்தது ஒரு பென்சிலும் பிள்ளையின் மிச்சக் கொப்பியும்.

முதலில் கடதாசி. கொப்பித் தாள் மெல்லியது, தண்ணீர் பட்டால் சுருளும். இரண்டு தாளை ஒன்றாக ஒட்டினால் ஓரளவு தாங்கும். ஒட்டக் கோதுமை மாப் பசை போதும். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி மாதிரித் தெளியும்வரை காய்ச்ச வேண்டும். ஊரில் சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கடித உறை ஒட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மெல்லிதாகப் பூசுங்கள், மின்விசிறியின் கீழ் முழுதாகக் காயவிடுங்கள். சோஹார் போன்ற கடற்கரை ஊர்களில் கோடையில் காற்றெல்லாம் ஈரம். தடித்த பசை உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஒட்டிய தாளின்மேல் ஓவியர்கள் ஜெஸோ என்ற வெள்ளைப் பூச்சைப் பூசுவார்கள். வர்ணம் உறிஞ்சி ஓடாமல் நிற்பதற்காக. அது எங்களிடம் இல்லை. சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்ஷன் மிச்சம் கட்டடத்தின் காவலாளியிடம் இருந்தது, ஒரு யோகட் கோப்பை நிறையத் தந்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரே ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் பென்சில் நன்றாகப் பிடிக்கிறது. கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ரை மட்டும் எடுக்க வேண்டாம். அது எண்ணெய்ப் பூச்சு, மேலே தண்ணீர் வர்ணம் ஏறாது, மணமும் போகாது.

அடுத்து இரவல் வேட்டை. மேல் வீட்டு மலையாள நேர்ஸ் சேச்சி தன் பிள்ளையின் தண்ணீர் வர்ணப் பெட்டியைத் தந்தார். தையற்கடை மாஸ்டர் பாகிஸ்தானியர், வெட்டுத் துணிகளும் துணியில் கோடு போடும் சோக்குக் கட்டியும் தந்தார். வேலையிடத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் பூப்போட்ட கடதாசி ரேப் இரண்டு சுருள் தந்தாள். பக்கத்து வீட்டு ஓமானி அம்மாவிடமிருந்து வந்தது நான் எதிர்பாராத சாமான்: அவருடைய மகன் அரபு எழுத்தணி பழகுகிற நாணல் பேனையும் ஒரு மைக்கூடும். மிச்சத்துக்குக் குசினியும் சலவை அலுமாரியும் இருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழக்கமில்லாத பொருள் கைக்கு வந்தவுடன் பக்கத்தில் பூசிப் பார்க்க மனம் துடிக்கும். வேண்டாம். அதே தாளில் ஒரு துண்டை வெட்டி, அதில் ஒவ்வொரு வர்ணத்தையும் ஒரு விரல் அகலத்துக்குப் பூசி, கீழே பென்சிலால் பெயர் எழுதுங்கள். காய்ந்ததும் பாதியில் ஈர விரலால் தேயுங்கள், கரைகிறதா என்று தெரியும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், ஊறி வந்திருக்கிறதா என்று தெரியும். பிறகு துண்டின் ஒரு பாதியை மட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒரு கிழமை ஒட்டிவையுங்கள். வளைகுடா வெயில் இதற்கு நல்ல பரிசோதகர். ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருப்பவர்கள் ஒரு கோடை முழுவதும் விட வேண்டியிருக்கும். மட்டையை எடுத்ததும் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எங்கள் துண்டு சொன்னதைத் தருகிறேன். மஞ்சள்தூள் பூசினதும் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலில் கிழமைக்குள் போய்விடுகிறது. காரம் பட்டால் சிவக்கவும் செய்யும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். சவுக்காரத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மூடிவைக்கிற கொப்பிக்குள் இருந்தால் கொஞ்சக் காலம் இருக்கும், சுவரில் மாட்டுகிற படத்துக்குச் சரிவராது. இங்கே கடைகளில் கார்க்கதே என்று விற்கும் சிவப்புச் செம்பரத்தைத் தேநீர் கோப்பையில் இரத்தச் சிவப்பு, தாளில் காய்ந்தால் நீலமும் சாம்பலும் கலந்த நிறம். புளிப்பில் சிவப்பு, காரத்தில் பச்சையும் நீலமும் என்று மாறுகிற சாயம் அது. பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட நல்லது, வீட்டுப் படத்துக்கு நம்ப முடியாது. பிள்ளைகளின் கழுவினால் போகும் ஃபெல்ற் பேனைகள் பெயருக்கேற்ற மாதிரிக் கரைந்து ஓடுகின்றன. அடையாளமிடும் பளபளப்பு மஞ்சள் பேனைகளும் வெயிலில் நிற்பதில்லை.

சலவைக்குப் போடும் நீலத்தூள் எனக்கு ஆச்சரியம் தந்தது. வெள்ளைச் சேட்டுக்கு அம்மா போட்ட அதே நீலம். பழைய மாதிரித் தூளாகவும் கட்டியாகவும் வருவதில் இருப்பது அல்ட்ராமரீன் என்ற நிறமி, ஓவியர்கள் வாங்கும் நீலக் குழாய்க்குள் இருக்கும் அதே பொருள். வெயிலுக்கு அசையாது. அதற்கு ஒரே எதிரி அமிலம். தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ பட்டால் வெளுத்துவிடும். போத்தலில் தண்ணீராக வரும் நீலம் வேறு, அது சாயம், அதை நம்பாதீர்கள்.

இன்னும் உறுதியானது மண். சோஹாரிலிருந்து வாதி ஜிஸ்ஸி வழியாகப் புரைமிக்குப் போகிற பாதையில் மலைகள் துருப்பிடித்த இரும்பு மாதிரி நிற்கும். அந்தப் பக்கத்து மலைகளில் ஐயாயிரம் வருடத்துக்கு முன்பே செப்பு எடுத்தார்கள். மெசப்பொத்தேமியர் மகன் என்று எழுதிவைத்த செப்பு நாடு ஓமானும் அதன் அயலும்தான் என்பது ஆய்வாளர் கருத்து. செப்புக்கு மேலே கிடக்கும் மண்ணின் செம்மை இரும்பு ஒக்சைட்டால் வருவது. நம் உரும்பிராய், கோப்பாய்ச் செம்பாட்டு மண்ணின் சிவப்பும் அதுதான். ஐந்தாம் நூற்றாண்டுச் சிகிரியா ஓவியங்களில் இன்றும் தெரிகிற சிவப்பும் மஞ்சளும் இவ்வகை மண் நிறங்களே. ஒரு பிடி மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணலும் கல்லும் கீழே படியவிட்டு, மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி அடையவிடுங்கள். அடியில் படிவதைக் காயவைத்து நசுக்கித் துணியில் சலித்தால் வர்ணத்தூள் தயார். தாளில் ஒட்டுவதற்குப் பிசின் வேண்டும். அரபுக் கடைகளில் கிடைக்கும் சமக் என்ற வேலம் பிசின்தான் உலகெங்கும் தண்ணீர் வர்ணத்துக்குச் சேர்ப்பது. விளாம் பிசினும் நன்றாக வேலை செய்யும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, தேன் பதத்தில் எடுத்து, தூளோடு விரலால் குழையுங்கள். ஊரிலிருந்து யாராவது வரும்போது புளியும் மிளகாய்த்தூளும் கேட்கிறோம். வீட்டுப் படம் கீற எண்ணமிருந்தால் இந்தச் செம்மண் தூளையும் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கேளுங்கள். ஆனால் மண் கொண்டுவர எல்லா நாடும் விடாது. அவுஸ்திரேலியா கண்டிப்பாக விடாது. உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

கறுப்புக்குத் தேயிலை. வெறும் தேத்தண்ணியைக் கடுஞ்சாயமாகக் காய்ச்சிப் பூசினால் மெல்லிய மண்ணிறம்தான் வரும். துருப்பிடித்த இரண்டு ஆணியை வினாகிரியில் ஒரு கிழமை போட்டுவைத்து, அந்தத் தண்ணீரைத் தேயிலைப் பூச்சின்மேல் தொட்டால், கண் முன்னாலேயே சாம்பலாகிக் கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை. ஸ்ரீகாளஹஸ்தியிலும் தஞ்சாவூர்ப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரித் துணி எழுதுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் இந்த வகைதான். அவர்கள் கடுக்காயின் துவர்ப்பைத் துணிக்கு ஏற்றி, இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்த கறுப்புத் தண்ணீரால் கோடு எழுதுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: இரும்புத் தண்ணீரை அளவுக்கு மேல் விட்டால் காலப்போக்கில் தாளை அரித்து ஓட்டையாக்கும். தண்ணீர் கலந்து மெல்லிதாக விடுங்கள். போத்தலில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எச்சரிக்கை என்று தொடங்கினதால் இன்னும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சுலபமாகக் கிடைக்கும் சுர்மா மையில் சிலவற்றில் ஈயம் இருக்கிறது. கறுப்பு மருதோன்றி என்று விற்பதில் தலைமயிர்ச் சாய இரசாயனம் கலந்திருப்பதுண்டு, தோலைப் புண்ணாக்கும். செப்புப் பாத்திரத்தில் பூக்கும் பச்சையைச் சுரண்டி வர்ணமாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது நஞ்சு. பேரப்பிள்ளைகள் உட்காரும் மேசைக்கு இந்த மூன்றும் வேண்டாம்.

இனி நாணல் பேனை. கலம் என்று அரபியில் சொல்வார்கள். கலம்காரியில் உள்ள கலமும் இதே சொல்தான், பாரசீகம் வழியாக வந்தது. நுனி சரிவாக வெட்டியிருக்கும், வலமிருந்து இடமாக எழுதும் கைக்காக. மைக்கூட்டுக்குள் பட்டுநூல் ஒரு பந்தாக ஊறிக் கிடக்கும். பேனை அதைத் தொட்டு எடுத்தால் அளவான மைதான் வரும், சொட்டாது. நல்ல யோசனை அல்லவா? அந்தப் பேனையால் தமிழ் எழுதிப் பார்த்தால் முதலில் கை கேட்காது. நம் எழுத்து வட்டமும் சுழியும். ஓலையில் எழுத்தாணியால் ஒரே தடிப்பில் கீறி வளர்ந்த எழுத்து. நாணலோ கையின் திசைக்கேற்ப ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் போகும். அதை அடக்க முயல வேண்டாம். பேனையைத் திருப்பாமல் ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு, பெரிய எழுத்தாக, மெதுவாக எழுதுங்கள். ‘ழ’வின் வால் எப்படி அழகாக விழுகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்தின் தலைப்பில் ஊர்ப் பெயரை அம்மா இந்தப் பேனையால்தான் எழுதினார், நான்காவது துண்டில் பழகிய பிறகு. அந்த மை விளக்குக் கரியால் செய்தது. கரிக்கு வெயிலும் காலமும் ஒன்றும் செய்யாது. பென்சிலும் அப்படித்தான். வர்ணமே கிடைக்காவிட்டாலும் பென்சிலால் மட்டும் கீறிய வீடு நிலைத்து நிற்கும்.

சாமான் பற்றி இவ்வளவு போதும். கீறுவது யார் என்பதற்கு வருவோம். பெரியவர்களிடம் “வீட்டைக் கீறுங்கோ” என்றால் “எனக்குக் கீறத் தெரியாது பிள்ளை, நீயே கீறு” என்பார்கள். அங்கே விட்டுவிடாதீர்கள். வீட்டைக் கேட்காமல் நடையைக் கேளுங்கள். “படலையால உள்ளுக்கு வந்தால் முதல் என்ன இருக்கும்?” “குசினியிலிருந்து கிணத்தடிக்கு எந்தக் கையால போவீங்கள்?” “மழை பெய்தால் விறகை எங்க அடுக்குவீங்கள்?” பேனையை அவர்கள் கையிலேயே கொடுத்து, நடந்த வழியைக் கோடாக இழுக்கச் சொல்லுங்கள். அம்மா சங்கடப் படலையில் தொடங்கி, முற்றத்தால் விறாந்தைக்கு ஏறி, சாமியறையை விலத்திக் கோடிப்பக்கம் போய், கிணற்றடியில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து நீளமாக ஒரு கோடு இழுத்து “துலா” என்றார். அதுவரை அந்த வீட்டில் துலா இருந்தது எனக்குத் தெரியாது. நான் பிறந்த காலத்தில் கப்பிதான்.

அவர்களின் கோடு நடுங்கும். அழித்துத் திருத்தி நேராக்க வேண்டாம். திருத்திய படம் வேண்டுமென்றால் சனாதனன் செய்தது மாதிரி இன்னொரு தாளில் கீறிப் பக்கத்தில் வையுங்கள். வர்ணம் பூசும் வேலையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். முற்றத்துக்கு மலையடி மண், கிணற்றுத் தண்ணீருக்குச் சலவை நீலம், பனையோலை வேலிக்குத் தேயிலையும் இரும்பும். மழை பெய்கிற இடத்தில் வெள்ளை மெழுகுதிரியால் முதலில் கோடு இழுத்து மேலே நீலத்தை ஓடவிட்டால், மெழுகில் நிறம் ஏறாமல் மழைக்கம்பிகள் வெள்ளையாக நிற்கும். இதை என் மகளே கண்டுபிடித்த மாதிரி மூன்று முறை செய்தாள்.

சொற்களை எழுத மறக்காதீர்கள். படலை, திண்ணை, கோடி, அட்டாளை என்று அவர்கள் வாயில் வந்த சொல் அப்படியே அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அட்டாளை என்றால் என்னவென்று அகராதியைப் பார்த்தும் விளங்காது, படத்தில் குசினிக்கு மேலே கண்டால் ஒரு நொடியில் விளங்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை இருந்தால் கீழே அந்தப் பிள்ளையின் பாசையில் ஒலியை எழுதிவிடுங்கள், பொருளை எழுதாதீர்கள். பொருளைப் பிள்ளை கேட்டு அறியட்டும்.

பேனையைக் கொடுத்த ஓமானி அம்மா ஒருநாள் வந்து பக்கத்தைப் பார்த்தார். துலாவில் விரலை வைத்து இது என்ன என்றார். ஒருவர் மேலே ஏறி மரத்தில் முன்னும் பின்னும் நடக்க, கீழே மற்றவர் பட்டையால் தண்ணீர் இறைக்கிற விதத்தை என் அரைகுறை அரபியிலும் கையாலும் காட்டினேன். அவர் சிரித்து, தன் தகப்பனின் ஈச்சந்தோட்டத்தில் இருந்த ஸாஜராவைப் பற்றிச் சொன்னார். பாத்தினாக் கரையில் மோட்டார் வரும்வரை மாடுகள் சரிவில் இறங்கிக் கயிற்றை இழுக்க, மரச் சில்லு அழுது அழுது சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் தோட்டத்துக்கு வரும். தமிழ்நாட்டுக் கமலை ஏற்றம் போல. சில்லு எழுப்பும் சத்தத்தை அவர் வாயால் செய்து காட்டினார். அம்மாவுக்கு அரபி ஒரு சொல்லும் தெரியாது, அவரும் துலாவின் கிறீச்சைச் செய்து காட்டினார். அந்த ஸாஜராவை அவர் கையாலேயே பக்கத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறவைத்தேன்.

ஒட்டுகிற விசயத்தில் இரண்டே வார்த்தை. கடை பில்லும் பஸ் ரிக்கெற்றும் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள், சில மாதத்தில் வெறுமையாகிவிடும், கார் சூட்டில் கறுத்தும் போகும். அதிலுள்ளது முக்கியமென்றால் பென்சிலால் பக்கத்தில் எழுதிவையுங்கள், அல்லது நகல் எடுத்து ஒட்டுங்கள். பத்திரிகைத் துண்டு மஞ்சளாகும். செலோரேப் சில வருடத்தில் காய்ந்து கழன்று, தேன்நிறக் கறையை விட்டுவிட்டுப் போகும். தையற்கடைத் துணித்துண்டை மாப் பசையால் ஒட்டுவது இதைவிட எவ்வளவோ மேல். பிலிப்பைன்ஸ் பெண் தந்த பூப்போட்ட ரேப் அழகுதான், ஆனால் அதை விளிம்பு அலங்காரத்துக்கு மட்டும் வைத்தோம்.

இல்லாமையில் பழகுவது நமக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பத்திரிகை கொப்பித் தாளில் அச்சானதும், பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு வேறு வழி இல்லாமல் செய்தோம் என்பதை மறைக்க வேண்டாம். ஒரு ஆள் டைனமோ சுற்றுகிற மாதிரி ஒரு படம் உங்கள் வீட்டுக் கொப்பியிலும் இருந்தால் நல்லது.

பக்கம் முடிந்ததும், பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: யார் கீறியது, யார் சொன்னது, எந்த ஊர், எந்த வருட வீடு, எங்கே இருந்து கீறியது, என்ன வர்ணம். பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டாம், சூட்டில் மை அதில் ஒட்டிக்கொண்டு வரும். மேலே ஒரு வெண்ணெய்க் கடதாசி வைத்து, மட்டைகளுக்கு இடையில் தட்டையாக வையுங்கள். சகோதரர்களுக்கு அனுப்ப, நேர்வெயில் படாத ஜன்னலடியில் வைத்து, போனை மேலே நேராகப் பிடித்துப் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். எங்கள் பக்கம் அனுப்பிய அன்றே ரொறன்ரோவிலிருந்து அண்ணன் போன் எடுத்தார், மாட்டுக்கொட்டில் கிழக்கே அல்ல வடக்கே என்று. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இருவர் சொன்னதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

இரவல் சாமானைத் திருப்பிக் கொடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. சேச்சியின் பிள்ளையின் வர்ணக் கட்டிகளில் கலந்திருந்த வேறு நிறத்தை ஈரத் தூரிகையால் துடைத்தெடுத்தோம். நாணல் பேனையை இரும்புத் தண்ணீரில் ஒருபோதும் தோய்க்கவில்லை. கழுவி, நுனி மேலே பார்க்க நிழலில் காயவைத்தோம். அயலார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே. யோகட் கோப்பையில் காவலாளிக்குப் பயத்தம் பணியாரம் போனது. மைக்கூட்டோடு ஒரு குட்டான் பனங்கட்டி போனது. அதை அவர்கள் வீட்டில் கோப்பியோடு கடித்துக் குடித்து, இது எந்த ஈச்சம்பழத்தில் செய்தது என்று கேட்டனுப்பினார்கள். பனை மரம் கீறிய துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறேன்.